லூசி ஸ்லோ வகுத்த இலக்குகள்

கறுப்பினக் கல்லூரிகளின் கதை – 17

சென்ற வாரம் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்களின் போராட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். 1925 பிப்ரவரியில் நாஷ்வில் போலீஸை வளாகத்துக்குள் வரவழைத்த தலைவர் ஃபேயெட் மெக்கென்சி, ஏப்ரலில் பதவி விலகினார். அதே ஆண்டு வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். 1927இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனும் கொந்தளித்தது. மூன்று இடத்திலும் பிள்ளைகள் சொன்னது ஒன்றுதான்: எங்களைச் சிறுபிள்ளைகளாக நடத்தாதீர்கள்.

அந்தச் சட்டதிட்டங்களின் முழுப் பாரமும் இறங்கியது மாணவிகளின் தலையில். ஃபிஸ்கில் பெண்கள் எந்தத் துணியில் உடுத்த வேண்டும், காலுறை எப்படி இருக்க வேண்டும், ஆண் மாணவரோடு எங்கே நின்று பேசலாம் என்பதையெல்லாம் நிர்வாகம் எழுதி வைத்திருந்தது. போராட்டத்துக்குப் பிறகு சில விதிகள் தளர்ந்தன. ஆனால் விதிகளுக்குக் காவலாக விடுதியில் உட்கார்ந்திருந்த ஆள் மாறவில்லை. பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த ஒரு பெண்மணி. கல்லூரிப் படிப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சாவிக்கொத்தும் ஒழுக்க விதிகளும் அவர் கையில். ஆசிரியர் குழுவில் இடமில்லாத அவருக்கு, மாணவிக்காகத் தலைவரிடம் போய் வாதாடும் அதிகாரமும் இல்லை. மாணவி பயந்தது அவரிடம். அவர் பயந்தது தலைவரிடம்.

இந்த ஏற்பாட்டை மாற்றியாக வேண்டும் என்று ஒரு சங்கம் கூடிற்று. அந்தச் சங்கம் தனக்கு வைத்துக்கொண்ட இலக்குகளும், அவற்றை வகுத்தவரும்தான் இந்த வாரக் கதை.

லூசி டிக்ஸ் ஸ்லோ 1885இல் வர்ஜீனியா மாநிலம் பெரிவில்லில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் போய்விட்டார், விவரம் தெரியும் முன்பே தாயும். வளர்த்தது அத்தை மார்த்தா பிரைஸ். பால்டிமோரில் பள்ளிப் படிப்பு, பிறகு உதவித்தொகையில் ஹோவர்ட். அங்கே படிக்கும்போதே, 1908 ஜனவரியில், கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1917இல் பால்டிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காவில் நடந்த அமெரிக்க டென்னிஸ் கழகத்தின் முதல் தேசியப் போட்டியில் பெண்கள் பட்டத்தையும் தட்டிச் சென்றார். வெள்ளையர் கழகம் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்காததால் பிறந்த கழகம் அது. 1919இல் வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் நடுநிலைப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

1922இல் ஹோவர்ட் தலைவர் ஸ்டான்லி டர்க்கி அவரை மாணவிகளுக்குப் பொறுப்பான மகளிர் டீனாக அழைத்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்லோ உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. நிபந்தனைகளை எழுத்தில் வைத்தார். பேராசிரியர் தகுதி வேண்டும். அலுவலகத்துக்கு ஓர் எழுத்தர் வேண்டும். மாணவிகளைப் பற்றிய கொள்கை முடிவுகள் டீனின் அலுவலகத்திலிருந்து புறப்பட வேண்டும். வளாகத்துக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. டர்க்கி ஒப்புக்கொண்டார். பின்னால் அந்தச் சங்கம் நாடு முழுவதும் கேட்ட விஷயங்களின் கரு இந்த நிபந்தனைகளில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. தன் ஒருத்தியின் வேலைக்காகக் கேட்டு வாங்கியதை, ஏழு ஆண்டு கழித்து ஒரு தொழிலுக்கே பொதுவாக்கினார்.

கடைசி நிபந்தனையை அலட்சியமாகக் கடந்து போகக் கூடாது. விடுதியில் தங்கும் பெண்ணை யாரும் இரவுபகலாகக் கூப்பிடலாம். அவர் விடுதிக் காவலராகவே பார்க்கப்படுவார். தனி வீட்டிலிருந்து காலையில் அலுவலகம் வருகிறவரைத்தான் மற்ற டீன்கள் சமமாக மதிப்பார்கள். ஸ்லோ, ஆசிரியையும் நாடகாசிரியருமான மேரி பரில்லோடு சேர்ந்து புரூக்லண்ட் பகுதியில் கியர்னி தெருவில் வாழ்ந்தார். மாணவிகள் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்துபோனார்கள்.

ஹோவர்டில் அவர் தொடங்கிய காரியங்களில் ஒன்று ஆண்டுதோறும் நடந்த மகளிர் விருந்து. முதல் விருந்து 1922இலேயே நடந்தது. மாணவிகளும் படித்து முடித்த பழைய மாணவிகளும் ஆசிரியைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி, மருத்துவராகவோ பள்ளித் தலைமை ஆசிரியையாகவோ ஆன ஒரு கறுப்பினப் பெண்ணைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பாள். அன்றைய அமெரிக்காவில் அதற்கு வேறு வாய்ப்பு எங்கே இருந்தது? அந்த விருந்துகளைக் கண்ட மாணவிகளில் ஒருவர் ஹில்டா டேவிஸ். 1925இல் ஹோவர்டில் பட்டம் பெற்ற அவர், இந்தக் கதையில் பிறகு வருவார்.

சங்கம் ஒரே நாளில் முளைக்கவில்லை. 1910இல் மேரி சர்ச் டெரலும் தோழிகளும் வாஷிங்டனில் கல்லூரிப் பட்டதாரிப் பெண்களின் மன்றம் ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 1923இல் அது கல்லூரிப் பெண்களின் தேசியச் சங்கமாக விரிந்தது. முதல் தலைவர் ஸ்லோ. அந்தச் சங்கம் மூன்று இலக்குகளைச் சொன்னது: கறுப்பினப் பெண்கள் படிக்கும் கல்லூரிகளின் தரத்தை உயர்த்துவது, கறுப்பினப் பெண் ஆசிரியர்களின் பணி நிலையை மேம்படுத்துவது, பெண்களை மேற்படிப்புக்குத் தூண்டுவது. உறுப்பினராகச் சேர ஏற்பளிக்கப்பட்ட கல்லூரியின் பட்டம் வேண்டும் என்று கறாராக இருந்தார்கள். அன்றைக்குக் கறுப்பினக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஏற்பு இல்லை. நம்மவர்களையே வெளியே நிறுத்துகிறீர்களே என்ற மனத்தாங்கல் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கறாரால் ஒரு நன்மை உண்டு: கல்லூரித் தலைவர்களிடம் போய் உங்கள் கல்லூரியில் படித்த பெண் எங்கள் சங்கத்தில் சேர முடியவில்லை, ஏன் என்று கேட்க முடிந்தது.

கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்தபோது, கேள்வி மறுபடி மறுபடி ஒரே இடத்தில் வந்து முட்டியது. மாணவிகளுக்குப் பொறுப்பு யார்? அவருக்கு என்ன பயிற்சி? அவர் சொல் சபையேறுமா? 1929 மார்ச்சில் ஸ்லோ பல கல்லூரிகளின் மகளிர் டீன்களையும் ஆலோசகர்களையும் ஹோவர்டுக்கு அழைத்து மாநாடு கூட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் நீக்ரோ பள்ளிகளில் மகளிர் டீன்கள் மற்றும் ஆலோசகர்கள் சங்கம்.

அப்போது நாட்டில் மகளிர் டீன்களுக்குச் சங்கமே இல்லாமல் இல்லை. 1916இல் தொடங்கிய தேசியச் சங்கம் ஒன்று இருந்தது. கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ், டீன் வேலைக்கென்றே மேற்படிப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஸ்லோ அந்தத் தேசியச் சங்கத்திலும் உறுப்பினர். அதில் அவரைப் போன்ற கறுப்பின உறுப்பினர் மிக அரிது. மாநாடுகள் ஓட்டல்களில் நடக்கும். நிறவெறி கோலோச்சிய நகரங்களில் அந்த ஓட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை தராது; சாப்பாட்டுக் கூடத்தில் இடம் தராது. கூட்டத்தில் சக டீன். சாப்பாட்டு வேளையில் வெளியாள். அவமானம் ஒருபுறம் இருக்கட்டும், தொழில் ரீதியாகவே இது பெரிய இழப்பு. இந்த மாதிரி மாநாடுகளில் உருப்படியான பேச்சு மேடையில் நடப்பதைவிடச் சாப்பாட்டு மேசையில்தான் அதிகம் நடக்கும்.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. வெள்ளையர் கல்லூரி டீன்கள் பேசிக்கொண்டிருந்த சிக்கல்களுக்கும் கறுப்பினக் கல்லூரி டீன்களின் சிக்கல்களுக்கும் வெகுதூரம். தெற்கு மாநிலங்களில் பல கல்லூரிகளில் மாணவிகளுக்கு முறையான விடுதியே போதவில்லை. டீன் என்று பெயர் வாங்கியவர் பாடமும் நடத்தி, விடுதியையும் பார்த்து, சமையலறைக் கணக்கும் எழுத வேண்டியிருந்தது. ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே இருந்த இவர்களுக்குத் தன் வேலை எதுவரை என்று கேட்டுத் தெளியச் சக தொழிலாளி அருகில் இல்லை. பக்கத்துக் கல்லூரியின் டீன் நூறு மைல் தள்ளி இருந்தார்.

1929இல் பேசி எடுத்த இலக்குகள் சுருக்கமானவை. டீன் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களை அமர்த்த வேண்டும், அவர்களுக்கு ஆசிரியர் தகுதி வேண்டும். மாணவிகளுக்குப் போதுமான, கண்ணியமான விடுதி வேண்டும். அதை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். வகுப்புக்கு வெளியே மாணவிகளின் சங்கங்களும் தன்னாட்சி மன்றங்களும் வளர வேண்டும். இவ்வளவுதான். இனத்தை உயர்த்துவோம், பெண்குலத்தைக் காப்போம் என்ற பெருஞ்சொற்கள் அந்தக் காலத்து மேடைகளில் ஏராளம். ஸ்லோவுக்கும் அவை தெரியும். ஆனால் இலக்கு என்று எழுதும்போது, ஒரு கல்லூரி வாசலில் போய் நின்று இருக்கிறதா இல்லையா என்று கேட்கக்கூடியதை மட்டுமே எழுதினார். இந்தக் கல்லூரியில் மகளிர் டீன் இருக்கிறாரா? அவர் என்ன படித்திருக்கிறார்? ஆசிரியர் குழுவில் உட்காருகிறாரா? மாணவிகளுக்கு மன்றம் உண்டா? எந்தத் தலைவரும் இந்தக் கேள்விகளுக்கு மழுப்பிப் பதில் சொல்ல முடியாது. அந்தச் சங்கத்தின் பெரிய பலம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கையில் பணமில்லை, அரசு அங்கீகாரம் இல்லை, உறுப்பினர்களும் சொற்பம். அவர்களிடம் இருந்ததெல்லாம் நேரடியான கேள்விகள்.

அந்த இலக்குகளுக்குப் பின்னால் ஒரு தெளிந்த சிந்தனை இருந்தது. 1933இல் நீக்ரோ கல்வி ஆய்விதழில் ஸ்லோ எழுதிய கட்டுரையில் அதைக் காணலாம். வீட்டிலும் தேவாலயத்திலும் அடங்கி நடக்கவே பழக்கப்பட்ட பெண், கல்லூரிக்கு வந்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால், பட்டம் வாங்கி வெளியே போய்த் தானாக எப்படி முடிவெடுப்பாள் என்பது அவர் கவலை. 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. தெற்கே கறுப்பினப் பெண்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கப்பட்டார்கள் என்பது வேறு கதை. பொருளாதாரமும் அரசியலும் சமூகவியலும் மாணவிகள் படிக்க வேண்டும், தங்கள் மன்றத்தைத் தாங்களே நடத்திப் பழக வேண்டும் என்று அவர் வாதாடினார். நல்ல டீனின் வேலை இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பது. அதற்கு மனித மனம் தெரிந்த, படித்த ஆள் தேவை. கதவைப் பூட்டத் தெரிந்த ஆள் போதாது.

1931இல் ஹோவர்டில் மாணவிகளுக்கென மூன்று விடுதிகள் திறக்கப்பட்டன. சொஜர்னர் ட்ரூத், ஜூலியா கால்ட்வெல் ஃப்ரேசியர், மரியா பால்ட்வின் என்ற மூன்று கறுப்பினப் பெண்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியில் எழுந்த கட்டடங்கள். அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் ஸ்லோ. சங்கத்தின் இரண்டாவது இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கண்ணால் பார்க்கத் தக்க மாதிரி கிடைத்துவிட்டது.

அதே 1931, இந்தத் தொழிலுக்குத் தாங்க முடியாத ஓர் அடியையும் கொடுத்தது. ஃபிஸ்கின் மகளிர் டீன் ஜூலியட் டெரிகாட். 1897இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் பிறந்தவர், அலபாமாவின் டாலடேகா கல்லூரியில் படித்தவர், ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் மாணவர் செயலாளராக நாடெங்கும் சுற்றியவர். உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் பொதுக்குழு 1928 டிசம்பரில் நம் மைசூரில் கூடியபோது அதற்கு வந்திருந்தார். மாநாடு முடிந்ததும் ஓடிவிடவில்லை. ஏழு வாரம் இந்தியாவில் மாணவர் விடுதிகளிலும் மிஷன் பள்ளிகளிலும் தங்கி, இங்குள்ள பிள்ளைகளோடு பேசினார். மைசூர் அனுபவத்தை 1929இல் டூ பாய்ஸ் நடத்திய தி கிரைசிஸ் இதழில் எழுதினார். அந்த ஆண்டே ஃபிஸ்கில் டீன் பொறுப்பேற்றார். நான்கே ஆண்டுக்கு முன் பெண்களின் உடையைக் காரணம் காட்டிக் கொந்தளித்த அதே ஃபிஸ்க். உலகம் சுற்றிய, படித்த, முப்பத்திரண்டு வயது பெண் அங்கே டீனாக வந்தது, ஸ்லோவின் சங்கம் கேட்ட மாற்றம் நடக்கத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று.

1931 நவம்பர் 6. டெரிகாட் மூன்று ஃபிஸ்க் மாணவர்களோடு நாஷ்வில்லிலிருந்து ஏதென்ஸிலுள்ள தன் வீட்டுக்குக் காரில் கிளம்பினார். ஜார்ஜியாவில் டால்டன் ஊருக்கருகே, வெள்ளையர் ஓட்டி வந்த காரோடு மோதல். டெரிகாட்டுக்கும் ஒரு மாணவிக்கும் பலத்த காயம். ஊரில் மருத்துவமனை இருந்தது. அங்கே கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. வெள்ளை மருத்துவர்கள் முதலுதவி செய்தார்கள், பிறகு ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து ஆம்புலன்ஸில் சட்டனூகா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் டெரிகாட் இறந்தார். அந்த மாணவியும் பிழைக்கவில்லை. நாடு முழுவதும் கொதிப்பு எழுந்தது. கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் விசாரணை நடத்தியது.

மாணவியைப் பத்திரமாக ஊர் சேர்ப்பதும் டீனின் வேலையில் ஒரு பகுதி. வளாகத்துக்குள் எத்தனை நல்ல விடுதி கட்டினாலும், வாசலைத் தாண்டிய உடனே டீனுக்கும் மாணவிக்கும் ஒரே கதிதான். சங்கத்தின் இலக்குகளை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. அறிந்தும், தங்களால் மாற்றக்கூடியதை முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் கூட்டங்கள் ஓட்டல்களில் நடக்க வழியில்லை என்பதால் கறுப்பினக் கல்லூரி வளாகங்களிலேயே நடந்தன. வெளியிலிருந்து திணிக்கப்பட்ட இந்த நிலை ஒரு வகையில் கைகொடுத்தது. டீன்கள் கூட்டமாக வந்து தங்கும்போது அந்தக் கல்லூரியின் விடுதியை அவர்கள் கண் அளக்கும். வரவேற்புரை சொல்ல வரும் தலைவர், தன்னிடம் வேலை பார்க்கும் டீன், இத்தனை படித்த பெண்களின் நடுவே எப்படி மதிக்கப்படுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் போவார். வேலைக்குப் புதிதாக வந்த இளம் ஆலோசகர், மூத்தவர்களோடு அதே விடுதியில் உறங்கி, அதே மேசையில் சாப்பிட்டு, தொழிலைக் கற்றார். ஒரு கல்லூரியில் வேலை காலியானால் யாரைப் பரிந்துரைக்கலாம் என்பதும் அங்கேதான் பேசப்பட்டிருக்கும்.

வெளியே சங்கம் வளர்ந்தது. ஹோவர்டுக்குள் ஸ்லோவின் நிலைமை வேறு. 1926இல் ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவராக மோர்டிகாய் ஜான்சன் வந்தார். அவர் காலத்தில் ஹோவர்ட் அடைந்த உயரத்தை யாரும் மறுக்க முடியாது. சட்டப் பள்ளியைச் சார்ல்ஸ் ஹூஸ்டன் சீர்செய்ததும் ரால்ஃப் பஞ்ச் போன்றவர்கள் பாடம் நடத்தியதும் அப்போதுதான். ஆனால் மகளிர் டீனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. டீன்கள் குழுவில் ஸ்லோவின் இடம் பறிபோனது. அலுவலகத்துக்கான பணம் சுருங்கியது. ஆண் டீன்களுக்கு நிகரான சம்பளம் வரவே இல்லை. 1933இல், வளாகத்துக்குள் குடிவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1922இல் எழுத்தில் பெற்ற வாக்கு காற்றில் போயிற்று.

ஸ்லோ பணியவில்லை. நாட்டிலுள்ள மற்ற டீன்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைக் காட்டி வாதாடினார். பழைய மாணவிகள் அவர் பக்கம் நின்றார்கள். கறுப்பினத் தலைவர் ஒருவரே கறுப்பினப் பெண் டீனின் அந்தஸ்தைக் குறைக்கப் பார்த்ததை இந்தத் தொடரில் மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. நிறவெறிக்கு எதிராகத் தோளோடு தோள் நின்றவர்களுக்கிடையிலும் பெண்ணுக்கு எந்த நாற்காலி என்பதில் சண்டை இருந்தது. சங்கத்தின் முதல் இலக்கு ஏன் டீனின் தகுதியைப் பற்றியதாக இருந்தது என்பதை ஹோவர்டில் நடந்தவையே விளக்குகின்றன.

1937 அக்டோபர் 21 அன்று லூசி ஸ்லோ காலமானார். கடைசி நாட்களில், நோய்ப்படுக்கையில் இருந்தபோதும், நிர்வாகத்தோடான உரசல் ஓயவில்லை. அதே ஆண்டு அமெரிக்கக் கல்விக் கழகம் மாணவர் நலப் பணி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவரை அறிவு, மனம், உடல், தொழில் நாட்டம் எல்லாம் சேர்ந்த முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்ற அந்த அறிக்கை, அமெரிக்காவில் இத்தொழிலின் அடிப்படை ஆவணமாக இன்றும் போற்றப்படுகிறது. ஸ்லோவும் தோழிகளும் அந்தத் திசையில் அதற்குப் பல ஆண்டு முன்பே நடந்துகொண்டிருந்தார்கள். தொழிலின் வரலாற்றில் அவர்கள் பெயர் இடம்பெற நெடுங்காலம் ஆனது.

ஸ்லோ இல்லாமல் சங்கம் நிற்குமா என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ஹில்டா டேவிஸ். மகளிர் விருந்தில் ஸ்லோவைப் பார்த்து வளர்ந்த மாணவி. அப்போது டாலடேகாவின் மகளிர் டீன். 1938 முதல் 1940 வரை சங்கத்தின் தலைவராக இருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, பட்ரீஷியா பெல்-ஸ்காட்டோடு சேர்ந்து சங்கத்தின் சுருக்கமான வாய்மொழி வரலாற்றை வெளியிட்டவரும் அவரே. அந்த நினைவுகள் பதிவாகியிருக்காவிட்டால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை எழுத முடிந்திருக்காது.

இதற்கிடையில் கறுப்பினக் கல்லூரிகளில் ஆண் மாணவர்களின் டீன்கள் 1935இலேயே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அரசின் உதவித்தொகையோடு முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளில் குவிந்தார்கள். அமெரிக்கா முழுவதும் ஒரு மாற்றம் பரவியது: மகளிர் டீன், ஆடவர் டீன் என்ற இரண்டு அலுவலகங்களுக்குப் பதில் மாணவர் டீன் என்று ஒரே அலுவலகம். அந்த நாற்காலி பெரும்பாலும் ஆணுக்குப் போனது. மகளிர் டீன் அவருக்குக் கீழே துணை டீன் ஆனார். கறுப்பினக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல.

1954இல் இரண்டு சங்கங்களும் ஒன்றாகி மாணவர் நலப் பணியாளர்களின் தேசியச் சங்கமாக மாறின. பெயர் பிறகு மாறியும், அந்தச் சங்கம் கறுப்பினக் கல்லூரிகளின் மாணவர் நல அலுவலர்களைச் சேர்த்துக்கொண்டு இன்றும் நடக்கிறது. பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்ற கோரிக்கையும் மாணவர் மன்றம் வேண்டும் என்ற கோரிக்கையும் புதிய சங்கத்திலும் தொடர்ந்தன. மாணவிகளின் பொறுப்பில் ஒரு பெண், பேராசிரியர் தகுதியோடு, கொள்கை முடிவெடுக்கும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும் என்ற ஸ்லோவின் முதல் கோரிக்கை மட்டும் அந்த இணைப்பில் பின்னுக்குப் போனது. அதை மீட்க அடுத்த தலைமுறைப் பெண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அதே 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்குள் ஒருவர் இருவராக நுழைந்தபோது அவர்களுக்குத் துணையாக அங்கே எந்த டீன் இருந்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.